பூஜ்ஜியம் விழவில்லை

எண்ணூர் வீட்டு ஜன்னலோரம் கரோலின் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எந்தக் காற்றில் எந்தத் தெருவில் போய் இறங்கும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அந்தக் கணக்கைப் போடப் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் வாரக்கணக்காக வரிசையில் காத்துக் கிடந்தாள். இன்று காலை அவள் முறை வந்தது. கணக்கு ஓடத் தொடங்கி, கேட்ட நேரம் தீர்ந்துவிட்டதென்று பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. எத்தனை மணி நேரம் வேண்டுமென்று எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டைத் திறக்கிறாள். இருபது மணி நேரம் கேட்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு நிற்கிறது. பூஜ்ஜியத்தை அழுத்தியது விரலுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுபடி அழுத்துகிறாள், விசை மணலை மென்றதுபோல் நறநறக்கிறதே தவிர, எண் விழவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டுகிறாள். சாம்பல் நிறப் பொடி மேசையில் உதிர்ந்து, சாய்ந்த வெயிலில் மினுங்குகிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த அவள் கணவன் சாவியோ, சட்டையைக் கழற்றியபடி எட்டிப் பார்க்கிறான்.

"இன்னா கரோலு, முடிஞ்சிச்சா?"

"எங்க முடிஞ்சிச்சு? பாதியில தொரத்திட்டான். மறுபடியும் கடைசி ஆளா போயி நிக்கணும். பேஜாரா கீது."

சாவியோ பொடியை விரலால் தொட்டுப் பார்க்கிறான். "இது எங்க வியுதுன்னுதான கணக்கு போட்டுகினு கீற? இங்கதான் வியுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விசையைக் குத்து குத்தென்று குத்துகிறாள். ஒருவழியாகப் பூஜ்ஜியம் விழுகிறது. அனுப்புகிறாள். காத்திருக்கச் சொல்கிறது திரை. வரிசையின் வாலில் அவள் பெயர். பூஜ்ஜிய விசையின் மேல் புதிதாக ஒரு சாம்பல் துகள் உட்கார்ந்திருக்கிறது. ஊதித் தள்ளுகிறாள். அதே இடத்தில் இன்னொன்று வந்து உட்காருகிறது.