இரண்டாவது நிமிடத்தில் பாகற்காய்

திரையில் பாகற்காய் வாயைத் திறந்ததும் யூனிஸ் மேடம் படத்தை நிறுத்தினார்.

"இந்த இடம்தான் ஜென்சி. இது பிள்ளைங்களுக்கு வேணாம்."

சேலையூரில் இருந்த அந்த மழலையர் பள்ளியில் ஒரு வழக்கம். குழந்தைகளுக்குக் காட்டப்போகும் எந்தப் படத்தையும் பெரியவர்கள் முதலில் எல்.கே.ஜி. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தையின் உயரத்தில் இருந்தால்தான் குழந்தைக்குத் தெரிவது நமக்கும் தெரியும் என்பது தலைமை ஆசிரியை யூனிஸின் கொள்கை.

பெரியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவரவர் முழங்கால்தான்.

மூன்று நாற்காலிகள். யூனிஸ், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிடும் ஆயா கன்னியம்மா, ஆபீஸ் கிளார்க் ஸ்டெபின். ஆளுக்கொரு நட்சத்திர ஸ்டிக்கர். மூன்றும் தாளில் ஒட்டப்பட்டால்தான் படம் நாளை வகுப்புக்குப் போகும்.

யூ.கே.ஜி. ஆசிரியை ஜென்சி டி.வி.க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்று நிமிடப் படம். மூன்று வாரம் உட்கார்ந்து அவளே வரைந்தது. கேரட் பாடும். பீன்ஸ் குதிக்கும். தட்டின் ஓரத்தில் தனியாக நிற்கும் பாகற்காயை எதுவும் சேர்த்துக்கொள்ளாது. இரண்டாவது நிமிடத்தில் அது பேசும்.

"ஓடாத பாப்பா. நான் கசப்புதான். ஆனா கெட்டவன் இல்ல."

கனத்த, கரகரத்த ஆண் குரல்.

"டிக்கெட் எடுக்காம ஏறினவன டிடிஆர் புடிச்ச மாரி கீதும்மா," என்றாள் கன்னியம்மா. "இத்த கேட்டா அதுங்க கேரட்டையும் சேத்து துப்பிடும்."

"யார் குரல் ஜென்சி இது?"

"தெரிஞ்சவர்தான் மேடம். பேர் போட வேணாம்னுட்டார்."

"நல்லவேளை," என்றார் யூனிஸ். "பாகற்காயை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அருமை."

"அதை எடுத்துட்டா கதையே இல்ல மேடம்."



ஸ்டெபின் தன் நட்சத்திரத்தை எடுத்துத் தாளில் ஒட்டினார்.

அவர் அதிகம் பேசமாட்டார். ஆறு வருடமாக அங்கே வேலை. 'ம்' தவிர வேறு பதில் அவரிடம் வாங்கியவர்கள் குறைவு. பெற்றோர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதிலை அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார்.

"சும்மா ஒட்டினா எப்படி சார்? ஏன் இருக்கணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க," என்றார் யூனிஸ்.

ஸ்டெபின் வாயைத் திறந்தார். ஜென்சியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

"சார் குடிச்சி முடிக்கறதுக்குள்ள ஸ்கூலே வுட்டுரும்," என்றாள் கன்னியம்மா.

மௌனத்தில் பல வகை உண்டு. பதில் இல்லாதவன் மௌனம் ஒன்று, பதிலை வைத்துக்கொண்டு தவிப்பவன் மௌனம் ஒன்று. சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடைசியில், ஒரு குழந்தையையே கேட்டுவிடலாம் என்று யூனிஸ் தீர்ப்பு சொன்னார். பயந்தால் பாகற்காய் போய்விடும். பயப்படாவிட்டால் இருக்கும்.

கன்னியம்மா எல்.கே.ஜி.யிலிருந்து தமிழினியைத் தூக்கிவந்து உட்காரவைத்தாள். சின்னச் சத்தத்துக்கும் அழுகிற பிள்ளை. அம்மாவுக்குச் சிறுசேரியில் வேலை என்பதால் பள்ளி விட்ட பிறகும் தினமும் ஐந்தரை வரை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருப்பாள். கன்னத்தில் இன்னும் பருப்புச் சோறு.

கேரட் பாடியது. தமிழினி அசையவில்லை.

பீன்ஸ் குதித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாகற்காய் வாயைத் திறந்தது.

"ஓடாத பாப்பா."

ஜென்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டெபின் தரையைப் பார்த்தார்.

அழுகைச் சத்தம் வரவில்லை.

தமிழினி விரலை வாயிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். டி.வி. கிட்டே போய்ப் பாகற்காயின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்டெபின் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், டி.வி.ல மட்டும் நீங்க ஏன் பச்சையா இருக்கீங்க?"