முகத்தைப் பார்த்துச் சொல்

பனியன் கம்பெனியின் ஏஐ மேற்பார்வையாளர் தையல்காரி பாவாத்தாளை வேலையிலிருந்து நீக்கிய மூன்றாம் நாள், ஏஐகளைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர் நஸ்ரின் அவளையும் கூட்டிக்கொண்டு வந்து அதன் திரைக்கு முன்னால் நின்றார்.

"யாரை நீக்குனியோ அவங்க முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லணும். அதுதான் சட்டம். சொல்லு."

"தினமும் நாற்பது முறை கை நின்றது," என்றது ஏஐ.

பாவாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நூல் அறுந்தா கோக்க வேண்டாமா? கை நிக்காம எப்படிக் கோக்கறதாம்?"

"அதெல்லாம் இதுக்குத் தெரியாதுங்க," என்று முனகினார் பக்கத்தில் நின்ற மேனேஜர்.

"தெரியாததுகிட்டயா ஆளை நீக்கற வேலையைக் குடுத்தீங்க?" நஸ்ரின் அதை அணைத்து அரக்கு முத்திரை வைத்தார்.

மேனேஜர் குழைந்தார். "நாளைக்கு வந்துருங்கக்கா."

"நான் மட்டுமா? இது நீக்குன மத்த பதினாறு பேரும் வாசல்லதான் நிக்கறாங்க. கேட்டைத் தெறங்க!" என்றாள் பாவாத்தாள்.