சின்னவர் இளைத்த கதை

“இன்னும் ஒரு சுத்து நட. அப்புறம் உட்காரலாம்.”

“நீ உட்கார்ந்துகிட்டே சொல்லிடுறே, அண்ணே. எழுந்து வந்து கூட நடந்து பாரு, தெரியும்.”

“எனக்கு எதுக்குடா நடை? என்கிட்ட குறைக்கிறதுக்கு என்ன இருக்கு?”

அதுவும் சரிதான். பூங்கா பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், சால்வையை எடுத்துவிட்டால் பெஞ்சில் ஆள் இருப்பதே தெரியாது என்கிற அளவுக்கு ஒல்லி. சின்னவர் அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து மெத்தைக் கடை நடத்துகிறவர்கள். சின்னவரைக் குண்டு என்று சொன்னால் அது பொய். நாற்பதைத் தாண்டி, நாள் முழுக்க கல்லாவில் உட்காருகிற மனிதருக்கு என்ன வயிறு இருக்குமோ அதுதான் இருந்தது. உட்காரும்போது சட்டையின் கடைசிப் பொத்தான் மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.

ஆனால் ஸ்கேன் எடுத்த டாக்டருக்கு அந்தப் பொத்தானின் சாட்சி போதவில்லை.

“வெளியே பார்த்தா கொஞ்சம்தான் கூடுதல். உள்ளே கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. மாத்திரை எல்லாம் கிடையாது. நடங்க, வாயைக் கட்டுங்க. எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்.”

“ஆறு கிலோன்னா பரவாயில்லையா, டாக்டர்?” என்று சின்னவர் கேட்டதற்கு, டாக்டரை முந்திக்கொண்டு பெரியவர் பதில் சொன்னார். “எட்டு. பேச்சு முடிஞ்சுது.”

அன்றிலிருந்து தம்பியின் வாய்க்கு அண்ணன் காவல். டீயில் சர்க்கரை போனது. பொரித்தது எல்லாம் போனது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், சின்னவர் கைக்கு வந்துவிட்ட ஐஸ்கிரீம் கிண்ணத்தை அத்தனை பேர் முன்னால் பெரியவர் பிடுங்கிப் பக்கத்து இலைக்குத் தள்ளினார்.

கடையிலும் விடவில்லை.

“அண்ணே, நான் விழுந்து படுத்துக் காட்டினாத்தான் மெத்தை விக்குது. நல்லா ஒரு ஆள் அமுங்கி எழுந்தாத்தான் வாங்குறவனுக்கு நம்பிக்கை. நான் இளைச்சுட்டா வியாபாரம் படுத்துடும்.”

“படுக்கட்டும். கையில என்ன பிஸ்கட்டா?”

“ரெண்டே ரெண்டு.”

“வை கீழே.”

“சரி, ஒண்ணு.”

“இவ்வளவு சீக்கிரம் இறங்கி வர்றியே, அப்ப உனக்குப் பசியே இல்லை. வை கீழே.”

சின்னவருக்குக் கோபம் வந்தது. “உடம்பு என்னுது. உனக்கு என்ன அண்ணே இவ்வளவு கவலை?”

“எனக்கு இல்லாத கவலை வேற யாருக்குடா இருக்கும்?”

பில் போடுகிற பெண் இதைக் கேட்டுவிட்டு, “இப்படி ஒரு அண்ணன் கிடைக்க கொடுத்து வச்சிருக்கணும் சார்” என்றாள்.

“கொடுத்துத்தான் வச்சிருக்கேன்” என்றார் சின்னவர், பிஸ்கட்டைப் பார்த்தபடியே.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. பரிசோதனைக்குப் போகிற வழியில் சின்னவர் மெதுவாகக் கேட்டார். “இந்தத் தடவையும் தேறலைன்னா என்ன அண்ணே பண்றது?”

பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தேறணும்டா” என்றார். அது கடைக் குரல் இல்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியவர் சிரமப்பட்டு எழுந்து போய், மொத்தக் கடையில் சரக்கு பிடிக்கிற மாதிரி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“கொழுப்பு போயிருச்சா, டாக்டர்? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“சுத்தமா இருக்கு. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கு. சின்னவரே, இந்த நடையை மட்டும் கடைசி வரைக்கும் விட்டுடாதீங்க.”

சின்னவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப எப்ப வச்சுக்கலாம், டாக்டர்?”

“அடுத்த வாரம். ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்து சேர்ந்துடுங்க. உங்க கல்லீரல்ல பாதிக்கு மேல எடுத்து அண்ணனுக்கு வச்சுடுவோம். உங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடும், பயப்படாதீங்க.”

கொசுறு கேட்காமல் ஒரு பொருளையும் வாங்கியே அறியாத பெரியவர், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: “அவ்வளவு எதுக்கு டாக்டர்? கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கக் கூடாதா?”