நூற்று இருபது ஜன்னல்கள்

பன்னிரண்டு மாடி. மாடிக்குப் பத்து ஜன்னல். இப்போது ஒன்றுகூட இல்லை, முன்பக்கம் முழுக்க மொட்டைச் சுவர்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சே!" என்று ரிசப்ஷன் அக்கா தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். கட்டடம் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. ஆனால் மூன்று மணிக்கு அதைப் பார்க்க வருகிற பார்ட்டி நிஜம், போகப்போகிற வேலையும் நிஜம்.

கட்டடப் பிளான் போடுகிற அந்த ஆபீசில் போன் எடுப்பதும் வந்தவரை உட்கார வைப்பதும்தான் அவள் வேலை. வரைகிற கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. அதில் கேம் ஆடிய பியூனை முதலாளி போன மாதம் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புருஷனுக்கு வேலை இல்லாத நேரத்தில் இவளையும் அனுப்பினால் வீட்டில் உலை ஏறாது.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? டிசைனர் பெண் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக அவளுக்குச் சுவர் எழுப்பவும் கூரை போடவும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தப் பெண் காய்ச்சலில் படுத்து நாலு நாள் ஆகிறது. மற்றவர்கள் சைட்டுக்குப் போயிருந்தார்கள்.

முதலாளி முப்பது வருஷம் பென்சிலில் வரைந்த மனிதர். தன் ரூமிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலும், டிசைனரின் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் இடது" என்று விரலை நீட்டுவதோடு சரி. காலையில் பார்ட்டி போன் செய்து ஜன்னலை ஒரு சாண் அகலமாக்கச் சொன்னார். இவள்தான் லைன் கொடுத்தாள். "யாரும் உள்ள வரக் கூடாது" என்று அப்போது ரூம் கதவைச் சாத்தியவர், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? பார்ட்டியின் கட்டடத்தையே திறந்து, பக்கத்துக் காலி இடத்தில் ஒரு மாடிப்படி கட்டிப் பழகினாள். பதினெட்டுப் படியும் ஜம்மென்று ஏறியது. பெருமையோடு கட்டடத்தின் முன்பக்கத்தைத் திருப்பினால், ஜன்னல்களைக் காணோம்.

டிசைனருக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, அது எல்லா மெஷினுக்கும் பொது ஃபைலாச்சேக்கா! எல்லாம் ஒரே அச்சு ஜன்னல். ஒண்ணுல கை வெச்சா அத்தனையும் மாறும். அன்டூ அடிச்சீங்களா?"

"திறந்த நிமிஷம் வரைக்கும் பின்னால போய்ட்டேன்டி. நான் கட்டின படிதான் ஒண்ணொண்ணா கழண்டு போச்சு. ஜன்னல் மட்டும் வரல."

"அது எப்படிக்கா..." என்றவளுக்கு இருமல் வந்துவிட்டது. "சரி, நேரமில்ல. ஒரே ஒரு ஜன்னல் செய்ங்க. பத்தா காப்பி பண்ணுங்க. அந்த வரிசையை மாடி மாடியா ஏத்துங்க."

"எனக்கு வருமாடி?"

"சுவரு எழுப்பினீங்கல்ல? ஓட்டையும் போடலாம்."

முதல் ஜன்னல் சுவரை விட்டு அலமாரி மாதிரி வெளியே துருத்தியது. இரண்டாவது தரையில் போய்ப் படுத்தது. கண்ணீரில் திரையே தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு மூன்றாவதை நகர்த்தினாள். அது சுவரில் பொருந்தி உட்கார்ந்தது.

ஒன்று பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. ஏழாவது மாடியை முடித்தபோது மணி இரண்டே முக்கால். இன்டர்காம் அலறியது.

"கொஞ்சம் உள்ள வாம்மா."

பொது ஃபைல், அவர் பார்த்துவிட்டார். உள்ளே போனாள். மேஜையில் சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் வாயைத் திறக்குமுன் இவள் உடைந்துவிட்டாள். "சார், மன்னிச்சிடுங்க. கத்துக்கிற ஆசையில தொட்டுட்டேன். நூத்தி இருபது ஜன்னலையும் நான்தான் அழிச்சேன். எழுபது வெச்சுட்டேன், மீதியையும் வெச்சுடறேன். வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தொலைந்தோம் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

காதருகே கெஞ்சுகிற குரல் கேட்டது.

"காலையில அழிச்சது நான்தாம்மா... அந்த எழுபதை எப்படி வெச்சே?"