ஆகாயக் கப்பலும் அரைக்கிண்ணம் கஞ்சியும்

பதினோராவது நாளாக ரீத்தம்மாள் அரைக்கிண்ணம் கஞ்சியோடு எழுந்துவிட்டாள். தட்டில் பொரித்த சாளை மீன் நாலும் அப்படியே கிடந்தது. தவசுகாலம் முடிந்து ஈஸ்டரும் போயாயிற்று. இது எந்தக் கோயில் பட்டினி என்று சிலுவைதாசனுக்கு விளங்கவேயில்லை.

"ஏட்டி, ஒனக்கு என்னவாக்கும் செய்யுது?"

"ஒண்ணுமில்ல. நீரு தின்னும்."

ஒன்றுமில்லையாம்! முப்பது வருஷம் கூடவே இருந்தவருக்குப் பெண்டாட்டி முகம் தெரியாதா? மீன்குழம்பு என்றால் சட்டியோடு உட்காருகிறவள், கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறாள்.

எல்லாம் மகன் மரியஜானின் கடிதம் வந்த நாளிலிருந்துதான். அவனுக்குப் பம்பாயில் ஓர் ஆகாயக் கப்பல் கம்பெனியில் வேலை, மருமகளுக்கு எட்டாம் மாசம். அம்மாவுக்கு டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டான். மே மாதம் பத்தாம் தேதி காலையில் திருவனந்தபுரத்தில் ஏறினால், வழியில் மூன்று ஊரில் இறங்கி ஏறிச் சாயங்காலம் பம்பாய்.

கடிதத்தை மகள் பேபிதான் வாசித்தாள். காதுக்குப் பஞ்சு வேண்டும். குமட்டினால் எலுமிச்சம்பழம், அதற்கும் அடங்காவிட்டால் காகிதப் பை. பெட்டியும் ஆளும் சேர்ந்து இத்தனை ராத்தல்தான் என்று நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். மேகத்துக்குள் போகும்போது கப்பல் சற்று ஆடும், அம்மா பயப்பட வேண்டாம்.

"ஆடுமா!" என்று அலறியது சிலுவைதாசன்தான். ரீத்தம்மாளோ அன்றைக்கே பிரசவ லேகியம், தேங்காயெண்ணெய் என்று பெட்டியை நிறைத்துப் பூட்டினாள். அன்றைக்கு வைத்த சோற்றில் ஆரம்பித்தது இந்தக் கூத்து.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சரி, நல்லதுதான். மறுநாள் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி, "இது ஒனக்குத்தான் மக்கா, வச்சுக்க" என்று பேபி கையில் கொடுத்தாள். பேபி ஓவென்று அழுதுவிட்டாள். சிலுவைதாசன் மூலையில் உட்கார்ந்து யோசித்தார். சாகப்போகிறவள்தானே இப்படிக் காதில் கழுத்தில் கிடப்பதை எல்லாம் பிரித்துக் கொடுப்பாள்?

இன்று அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பேரப்பிள்ளைக்கு முதல் குளிப்பாட்டு இவள் கையால் நடக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். அதற்காகப் பெண்டாட்டியைப் பயத்தில் சாகவிட முடியுமா? சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நான் தபாலாபீசுக்குப் போறேன். அம்மைக்குப் பயமாக்கும், வரமாட்டான்னு பிள்ளைக்குத் தந்தி அடிச்சிருதேன்."

ரீத்தம்மாள் பாய்ந்து வந்து வாசலை மறித்தாள். "ஆருக்குப் பயம்? தந்தி கிந்தி அடிச்சீரு, பொறவு நடக்கது வேற!"

"பின்ன என்னத்துக்குட்டி பட்டினி கெடக்க? நீ போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?" சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

ரீத்தம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, என்கிற பார்வை. பிறகு கையைப் பிடித்து, வீட்டை ஒட்டியிருந்த அவருடைய கருவாட்டுக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மூட்டை நிறுக்கிற பெரிய தராசுத் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நிறுத்துச் சொல்லும். கடிதாசி வந்த அன்னைக்கு நான் நூத்தி நாப்பது ராத்தல்."

பயித்தியமே பிடித்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். அழுகையை அடக்கிக்கொண்டு படிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முள் நேராக நின்றது.

"நூத்தி முப்பத்தொண்ணு இருக்குட்டி..."

ரீத்தம்மாளுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"அப்ப எனக்குப் பதிலா ஒம்பது ராத்தல் நெத்திலிக் கருவாடு கெட்டித் தாரும்!"