சாவி சொல்லாத ‘டிக்’

காலை வெயில் புல்லின்மேல் சாய்ந்து கிடக்கிறது. பந்து இன்னும் உயரப் போகுமா என்று பார்க்க, புதிய கோல்ஃப் மட்டையின் தலையைக் கழற்றி, ஒரு கோடு தள்ளித் திருப்பி மாட்டி, சின்னச் சாவியால் திருகாணியை முடுக்குகிறார் ஆட்டக்காரர். முழுதாக இறுகினால் சாவி ‘டிக்’ என்று சொல்லும். சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும், அவருடைய மட்டைப் பை தூக்குகிறவர் அதைக் கவனிக்கிறார். சற்று முன்னால், ஓரமாக, பை தூக்குகிறவரின் மனைவி குனிந்து பந்து பொறுக்குகிறாள். ஆட்டக்காரர் மட்டையை ஓங்குகிறார். “சார், நில்லுங்க! டிக் சத்தம் வரலை.” “உன் காது என்ன பாம்புக் காதா?” “தலை கழண்டு பறந்தா அங்க இருக்கிறது என் வீட்டுக்காரி, சார்.” ஆட்டக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாவியைச் செருகுகிறார். அரைச் சுற்று தாராளமாகச் சுற்றுகிறது. டிக். பை தூக்குகிறவர் மூச்சை விடுகிறார். அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைக்கிறாள். “என்னங்க, அவர் அடிக்கிறாரா, இல்ல நான் வீட்டுக்குப் போகட்டுமா?”