ஐம்பத்திரண்டு வயசு கோல்கீப்பர்

கோல் போஸ்டில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் அப்துல் ரஹ்மான். வயது ஐம்பத்திரண்டு. இன்றைய ஃபைனலில் ராஜகிரி டீமுக்கு இவர்தான் கோல்கீப்பர்!

கேப்டன் சித்தீக்குக்கு வயிறு எரிந்தது.

"தரங்கம்பாடிலேர்ந்து கார் வச்சு வேற கூட்டியாந்திருக்கீங்களே பாய்! குனிஞ்சா நிமிர ஆள் புடிக்கணும் போலருக்கு. நம்ம ஊர்ல வயசுப் பசங்களே இல்லையா?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லப்பா," என்றார் கிளப் செயலாளர் ஜெய்னுலாபுதீன், வெற்றிலையை மென்றபடி.

அனுபவமாம், அனுபவம்! சுற்றுவட்டாரத்தில் பாதி நிக்காஹைப் பேசி முடித்து வைத்த மனுஷர் இவர். பிரியாணிக்கு எத்தனை சட்டி என்று கேட்டால் சொல்வார். கால்பந்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

மூன்று வருஷமாக ஃபைனலில் அய்யம்பேட்டையிடம் தோற்றுத் தோற்று ராஜகிரியின் மானம் கப்பலேறியிருந்தது. மூன்று தடவையும் கோல் அடித்தவன் அந்த ஊர் ஃபஹத். அடுத்த வாரம் சித்தீக்குக்கு துபாய் ஃபிளைட். ஒரே ஒரு தடவையாவது அந்தக் கோப்பையைத் தூக்காமல் போனால் அங்கே போயும் அவனுக்குத் தூக்கம் வராது.

எதிர் டீம் இறங்கியது. எப்போதும் டவுசரைத் தொடைவரை சுருட்டிவிட்டு அலட்டுகிற ஃபஹத், இந்த வேகாத வெயிலில் கணுக்கால் வரை டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தான். புது ஸ்டைல் போல என்று சித்தீக் நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் சூடு பிடித்தது. டிஃபென்ஸ் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடியதால் கிழவருக்கு வேலையே வரவில்லை. இரண்டாம் பாதியில் சித்தீக்கே ஒரு கோல் போட்டான்.

கடைசி நேரத்தில் அய்யம்பேட்டைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவன் ஃபஹத்.

"பாய், உங்க கால்ல விழறேன், கீப்பரை மாத்துங்க!" சித்தீக் அழாத குறையாகக் கத்தினான்.

"பேசாம பாருப்பா," என்றார் செயலாளர்.

ஃபஹத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோலை ஒரு தடவை பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஓடி வந்து அடித்தான். பந்து மெதுவாக உருண்டு நேராக அப்துல் ரஹ்மானின் கைக்குப் போனது.

விசில் ஊதியதும் ராஜகிரி முழுக்க மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா தம்பி? அவன் கண்ணைப் பாத்தே எந்தப் பக்கம்னு கணக்குப் போட்டுட்டேன்!" மூச்சு வாங்கியது அப்துல் ரஹ்மானுக்கு.

சித்தீக் கூனிக் குறுகிப் போனான். கோப்பையை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டு, நேராகச் செயலாளரிடம் வந்தான்.

"மன்னிச்சுக்குங்க பாய். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவந்தான்."

"மண்ணாங்கட்டி அனுபவம்!" ஜெய்னுலாபுதீன் வெற்றிலையைத் துப்பினார். "நேத்துதான் ஃபஹத்துக்கு அவரு பொண்ணப் பேசி முடிச்சேன்!"